திரைக்கு முதுகு

திரும்பக் கூடாது.

ஷாப்பிங் மாலின் முற்றத்தில் பெரிய திரை. எதிரே கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் முந்நூறு பேர். இந்தப் பக்கம், திரைக்கு முதுகைக் காட்டியபடி, காவலாளிச் சீருடையில் அவர்.

ஆட்டத்தைக் கூட்டம் பார்க்கும். கூட்டத்தை அவர் பார்க்க வேண்டும். அவரைப் பார்க்க மேலே கேமரா இருக்கிறது.

பார்க்கிங்கில் நிற்க வேண்டியவர். கெஞ்சிக் கூத்தாடி இன்று இங்கே மாற்றிக்கொண்டார். காரணம் சொல்லவில்லை. எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று கேட்கவும் தோன்றவில்லை. சந்தோஷம் வந்தால் மூளை லீவு போட்டுவிடுகிறது.

பெண்கள் கபடி. இறுதி ஆட்டம். இரு பக்கமும் சமம். எதிரணிக்குள் பாடிப் போகும் கடைசி ரெய்டு.

போவது அவர் மகள்.

"செவ்வந்தி" என்றது ஒலிபெருக்கி.

முந்நூறு முகங்களில் மகளைத் தேடினார்.

கண்கள் எல்லாம் இடப்பக்கம் ஓடின. அவளும் இடப்பக்கம் ஓடுகிறாள்.

ஒரு கை பாப்கார்னோடு பாதி வழியில் நின்றது. யாரையோ தொட்டுவிட்டாள்.

கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். காலைப் பிடித்துவிட்டார்கள்.

அவர் கால் தானாக உதறியது.

இழுடி கண்ணு. கையை நீட்டு.

யாரும் மூச்சு விடவில்லை.

பிறகு முந்நூறு பேரும் துள்ளி எழுந்தார்கள். செவ்வந்தி! செவ்வந்தி! அவர் வைத்த பெயரை ஊரே கூப்பிட்டது.

விசில் எப்போது வாய்க்கு வந்ததென்று தெரியவில்லை. ஊதினார். மூச்சு தீரும்வரை ஊதினார்.

கூட்டம் சட்டென்று அடங்கியது. முன்வரிசை பதறிப்போய்க் கயிற்றைப் பார்த்தது. யாரும் தாண்டியிருக்கவில்லை.

"என்னண்ணா ஆச்சு? எதுக்கு விசிலடிச்சீங்க?" என்றாள் முன்வரிசையில் இருந்த ஒரு பெண்.

அவர் கட்டைவிரலால் முதுகுக்குப் பின்னால் காட்டினார்.

"எம் பொண்ணும்மா."

அப்போதும் திரும்பவில்லை.

அவள் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அதே மூக்கு.

குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்து வந்தாள். அவர் பக்கத்தில், கூட்டத்தைப் பார்த்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றாள்.

"மறுபடி போடுறாங்கண்ணா. இவங்கள நான் பாத்துக்கிறேன்."