மூக்குத்தி எந்தப் பக்கம்?

"இது இந்தப் பொண்ணு வரைஞ்சதே இல்லீங்க! போட்டியிலிருந்து தூக்குங்க!"

சில்வஸ்டர் போட்ட சத்தத்தில் பெர்ன்ஹில் ஓவியப் போட்டி அரங்கமே திரும்பிப் பார்த்தது.

நடுவர் கெஸியாவுக்குப் படபடப்பு. அந்த நாற்காலியில் உட்காருவது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

போட்டி விதி ஒன்றே ஒன்றுதான். கண்ணாடியைப் பார்த்துத் தன்னைத்தானே வரைய வேண்டும், போட்டோ கூடாது. ஜெயிக்கிற படம் சென்னைக் கண்காட்சிக்குப் போகும். கடைசிச் சுற்றில் மிஞ்சியது இரண்டு படங்கள். ஒன்று, ஊட்டியே தலையில் தூக்கி வைத்து ஆடும் ஓவியர் சில்வஸ்டருடையது. இன்னொன்று, அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற ரஞ்சனியுடையது.

"எதை வெச்சு சொல்றீங்க சார்?" என்றாள் கெஸியா.

"அவ மூக்கைப் பாருங்க. மூக்குத்தி வலது பக்கம். படத்துல இடது பக்கம்! தன் மூக்குத்தி எந்தப் பக்கம்னு கூடவா ஒருத்திக்குத் தெரியாது? எவனோ வரைஞ்சு குடுத்திருக்கான்!"

"அட, ஆமாங்க!" என்றது கூட்டம்.

எஸ்டேட்டுக்கு லீவு சொல்லிவிட்டு ஆசை ஆசையாக வந்திருந்த ரஞ்சனியின் அப்பா எல்லப்பன் எழுந்துவிட்டார்.

"வா கண்ணு, ஊட்டுக்குப் போயிரலாம்."

ரஞ்சனிக்குக் கண் நிறைந்துவிட்டது.

கெஸியா படத்தைப் பார்த்தாள். ரஞ்சனியைப் பார்த்தாள். சட்டென்று துள்ளி எழுந்து, கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எல்லாரும் வந்து பாருங்க! கண்ணாடிதான் பக்கத்தை மாத்திக் காட்டுமே! எவனோ எதுக்க நின்னு வரைஞ்சிருந்தா மூக்குத்தி சரியான பக்கம் வந்திருக்கும். இது சத்தியமா அவளே வரைஞ்சதுதாங்க!"

விசில் பறந்தது. கைதட்டல் கூரையைத் தூக்கியது.

சில்வஸ்டரின் மனைவி பிலோமிக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்னவோ போங்க. எங்க ஊட்டுக்காரர் இந்த மாதிரி பக்கமெல்லாம் மாத்த மாட்டாரு. அவருக்கு இடது கன்னத்துல மரு. படத்துலயும் இடது கன்னத்துலயேதான். வேணும்னா பாருங்க!" என்றாள் பெருமையாக.

பார்த்தார்கள். மரு இருந்தது. இடது கன்னத்திலேயேதான் இருந்தது.

கைதட்டல் நின்றுபோனது.

"அப்ப சார்... உங்களை எதுக்க உக்கார வெச்சு வரைஞ்சது யாருங்க?" என்றாள் கெஸியா.

சில்வஸ்டர் மஃப்ளரைக் கன்னம் வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பதறிப்போய் முன்னால் ஓடி வந்தவள் ரஞ்சனிதான்.

"சாரை ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க மேடம்! தப்பு என்மேலதானுங்க. மருவைப் பக்கம் மாத்திப் போடோணும்னு எனக்குத்தான் தோணாமப் போயிருச்சு!"