பேச்சுக்கு ஒரு பேப்பர்

“பி.ஏ. இங்கிலீஷ் மூணாவது வருஷமாமே. இங்கிலீஷ் பேச வருமா உனக்கு?”

கல்லூரி கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்த பெண்மணி கேட்டதும், கலையரசி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். சித்தார்த்தன் செல்போனில் காட்டிய அதே முகம். அவனுடைய அம்மா செண்பகம்.

காதலை அம்மாவிடம் சொல்லி, அவளுடைய போட்டோவையும் காட்டிவிட்டதாக நேற்றுதான் அவன் சொன்னான். அம்மா ஒரு பதிலும் சொல்லவில்லையாம். அவர் சரி என்றால்தான் கல்யாணம்.

பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க ஆள் அனுப்புவார்கள். இவரோ விழுப்புரத்தில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் நடக்கும் சனிக்கிழமை வகுப்புக்கே வந்துவிட்டார். கடையிலும் கம்பெனியிலும் வேலை பார்த்துக்கொண்டு தபால் வழியில் படிக்கிறவர்களுக்கான வகுப்பு அது. கலையரசிக்கு விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை.

அவள் பதில் தேடுவதற்குள், பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழன் ரஞ்சித் முந்திக்கொண்டான்.

“எங்க வரும் ஆன்ட்டி? சார் ஒரு வரி இங்கிலீஷ்ல படிப்பாரு, உடனே தமிழ்ல அர்த்தம் சொல்லிடுவாரு. நாங்க கைடை மனப்பாடம் பண்ணிக்கினு போய் எழுதுவோம். பேச்சுப் பயிற்சின்னே ஒரு பேப்பர் இருக்கு. அதையும் எழுதித்தான் பாஸ் பண்ணணும்.”

கலையரசி மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். அவனுக்குப் புரியவில்லை. டெல்லி ரயிலுக்கு டிக்கெட் கேட்கும் உரையாடலை ஒரே மூச்சில் ஒப்பித்துக் காட்டி, திண்டிவனம் ஸ்டேஷனில் போய் இப்படிக் கேட்டால் கவுன்டரில் இருப்பவர் எழுந்து ஓடிவிடுவார் என்றான். பிறகு யாரோ கூப்பிட, எழுந்து போனான்.

செண்பகம் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எந்தப் பேப்பர் கஷ்டம், தமிழ் மீடியத்தில் படித்தவர்களால் ஈடுகொடுக்க முடியுமா, ஒருநாள் வராவிட்டால் திட்டுவார்களா என்று கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு கேள்விக்கும் கல்யாணம் ஓர் அடி தள்ளிப்போவதுபோல் கலையரசிக்குத் தோன்றியது.

“வீட்டு வேலையும் பார்த்துக்கினு படிக்க முடியுதா?”

மாமியார் கேள்வி வந்துவிட்டது. பொய் சொல்லிக் கழுத்தை நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

“முடியுதும்மா. ஆனா பேசத்தான் வரல. ஒருநாள் கடைக்கு வெள்ளைக்கார அம்மா ஒருத்தங்க வந்து, புடவைய எப்படிக் கட்றதுன்னு கேட்டாங்க. ஒரு வார்த்தை வரல எனக்கு. கட்டியே காட்டிட்டேன்.”

“அப்புறம் எதுக்கு இந்தப் படிப்பு?”

“கதைங்களுக்காகம்மா. மொதல்ல அர்த்தம் கேட்டுக் கேட்டுத்தான் படிச்சேன். இப்போ தானாவே புரியுது. அந்தக் கதையப் பத்தி நீ என்ன நெனைக்கிறேன்னுதான் யாரும் கேக்க மாட்டேன்றாங்க. அதக் கேட்டா பேச்சும் வந்துடும்னு தோணுது.”

செண்பகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கலையரசி டீ டம்ளரை ஓரமாகத் தள்ளினாள்.

“நீங்க யாருன்னு தெரியும்மா. இங்கிலீஷ் பேசற மருமகதான் வேணும்னா நான் சரிப்பட மாட்டேன். அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

“அதுவா? வர்ற வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்கே பொண்ணு கேட்டு வர்றோம். அதப்போய் கேன்டீன்லயா பேசுவாங்க?”

செண்பகம் கைப்பையிலிருந்து புத்தம் புதிய அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

“மொத வருஷம் சேர்ந்திருக்கேன். சீனியருங்கள அக்கான்னுதான் கூப்பிடணுமாமே,” என்று எழுந்தவர், கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: “எங்க க்ளாஸ் எந்த ரூம்ல நடக்கும்னு காட்டுறீங்களா, அக்கா?”