ஏகநாதனுக்கு எழுந்தவர்கள்

எண்ணிப் பார்க்கவே அவசியமில்லை. கூடமே எழுந்து நின்றது.

"ஏகநாதன் அவர்களை ஆதரிக்கிறவங்க எழுந்து நிக்கலாம்" என்று மைக்கில் சொல்லி வாய் மூடவில்லை. மேடைக்குப் பக்கத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்த தபீதாள் டீச்சர் கண்டது இந்தக் காட்சியைத்தான்.

முன்வரிசைப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் ஆண்கள், தூணோரம் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் வரை ஒருவர் பாக்கியில்லை. கூட்டத்தை நடத்திய ஜீவரத்தினம் யாருக்கும் ஓட்டுப் போடக் கூடாதவர். அவரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

ராஜகீழ்ப்பாக்கம் பள்ளிக்கூடக் கமிட்டியில் ஓர் இடம் காலி. அங்கேயே முப்பத்தோரு வருஷம் பாடம் நடத்தி, போன வருஷம் ஓய்வு பெற்ற தபீதாள் டீச்சருக்கும் அரிசி மில் ஏகநாதனுக்கும் போட்டி. பெற்றோர்கள் கூடி முடிவு செய்ய வேண்டும்.

டீச்சருக்குப் பதவி ஆசையெல்லாம் கிடையாது. அந்தப் பள்ளி எட்டாவதோடு முடிந்துவிடும். ஒன்பதாவதுக்குத் தாம்பரம் போக வேண்டும். பையன்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டாவது போய்விடுவார்கள், பெண்களை எந்த வீட்டில் அனுப்பினார்கள்? பள்ளிக்குப் பின்னால் கிடக்கும் காலி இடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டடம் எழுப்பியே தீருவது என்று கிளம்பியிருந்தார். அதே இடத்தில் கல்யாண மண்டபம் கட்டுவது ஏகநாதனின் திட்டம்.

ஏகநாதன் சைக்கிள் ரிக்‌ஷாவில் மைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினார். எதிரில் வந்தவருக்கெல்லாம் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். டீச்சரோ குடையும் கையுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார். போன வீட்டில் பிள்ளைகளைப் பிடித்துவைத்துப் பதினாறாம் வாய்ப்பாடு கேட்டுவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லவே மறந்து திரும்பிய நாளும் உண்டு. ஓட்டுக் கேட்கிற லட்சணம் இது.

இன்றைக்கென்று பார்த்து, தாம்பரத்து வீட்டிலிருந்து அவர் ஏறி வந்த பஸ் சேலையூரில் மக்கர் பண்ணிவிட்டது. மீதி தூரத்தை அந்த வெயிலில் வேகுவேகென்று நடந்து வந்ததற்கு இதுவா பலன்?

டீச்சர் சட்டென்று திரும்பிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"டீச்சர்! டீச்சர்!" என்று உள்ளேயிருந்து நாலைந்து குரல்கள் கேட்டன. தோற்கடித்துவிட்டு ஆறுதல் வேறா? நடையை எட்டிப் போட்டார்.

பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரமாக ஒரு பஸ்ஸும் வரவில்லை. குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தார். 'அப்படியொன்றும் நான் யாரையும் அடித்ததில்லையே, கொஞ்சம் அதட்டியிருப்பேன். அதுக்கு இப்படியா? ஒருத்தர்கூடவா எனக்காக உட்கார்ந்திருக்கக் கூடாது?' மனசு ஆறவே இல்லை.

அப்போதுதான் முனியம்மா தலைதெறிக்க ஓடி வந்தாள். டீச்சரிடம் எட்டாவது படித்தவள். கெட்டிக்காரி. மேலே படிக்க வழியில்லாமல் அதோடு நின்றுபோனவள். இப்போது அவள் மகள் எட்டாவதில் இருக்கிறாள்.

"இன்னா டீச்சர் நீங்க! வாசல் வரிக்கும் வந்துட்டு அப்டியே திரும்பிக்கினீங்க? ஊரெல்லாம் தேடிக்கினு வரேன்."

"எதுக்குத் தேடறே? மண்டபத்துக்கு அஸ்திவாரம் போடக் கூப்பிடறாங்களா?"

"ஐயே, மண்டபமா? கமிட்டி நோட்டுல நீங்க கையெழுத்துப் போடணுமாம். ஜீவரத்தினம் சாரு கையோட இட்டாரச் சொன்னாரு."

"தோத்துப் போனவ கையெழுத்து எதுக்காம்?"

முனியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முறைத்தாள். "யாரு தோத்தது? ஏகநாதனுக்கு மூணே பேரு டீச்சர். அவரு, அவரு மச்சான், மில்லு கணக்கப்பிள்ளை. அவ்ளோதான். மீதி அத்தினி பேரும் உங்களுக்குத்தான். நீங்கதான் கமிட்டி மெம்பர்!"

"பொய் சொல்லாதே முனியம்மா." டீச்சரின் குரல் உடைந்தது. "ஏகநாதன் பேரைச் சொன்னதும் கூடமே எழுந்து நின்னுதே. என் கண்ணாலே பார்த்தேன். முதல் வரிசையிலே நீயும்தான் நின்னே. உன் பொண்ணு மாதிரிப் பொண்ணுங்களுக்காகத்தான் நான் இவ்வளவு பாடும் பட்டேன். உனக்கே மனசு வரலியேடி!"

முனியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டீச்சரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நின்னேன். ஆமா, எல்லாருந்தான் நின்னோம்," என்றாள் அவள். "நீங்க உள்ள வரும்போது, நாங்க எப்டி டீச்சர் குந்திக்கினு இருக்கறது?"