தலைகீழ்த் திரை

சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா, தெரியவில்லை. நான் வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகத்தில், பழுதான என் கணினிக்குப் பதிலாக வந்ததில் திரை தலைகீழாகத் தெரிந்தது. மெயிலும் போகவில்லை. நான் பல வருடம் கேட்டுக் கிடைத்த ஊர் மாற்றத்துக்கு, அன்று மாலைக்குள் அலுவலக மெயிலிலிருந்து சம்மதம் அனுப்பியாக வேண்டும்.

“தலைகீழா நின்னு பாருய்யா” என்று மேனேஜர் சிரித்தார்.

“தள்ளுங்க சார். கவுண்டர்ல நீட்டுற பாரத்தையெல்லாம் நான் தலைகீழாத்தானே படிக்கிறேன்” என்று பக்கத்துக் கவுண்டர் மெஹருன்னிசா என் நாற்காலியில் உட்கார்ந்தாள். மவுஸை எதிர்த்திசையில் நகர்த்தினாள். கை ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

“தேதி போன வருஷத்துல நிக்குது. மெயில் எப்படிப் போகும்?”

திருத்தினாள். சம்மதம் போய்விட்டது. அவள் உடனே எழுந்திருக்கவில்லை.

நான் இந்த ஊருக்கு வந்துவிட்டேன். மேனேஜர் ஓய்வுபெற்றார். மெஹருன்னிசா அதே கவுண்டரில் இருக்கிறாள். நான் விட்டு வந்த அந்தத் திரையை நேராக்க அவள் இன்னும் யாரையும் விடவில்லையாம்.