வாரண்டியில் வராத ட்ரிக்கர்

“வேற ஆளு செஞ்ச ட்ரிக்கரை மாட்டியிருக்கீங்க. வாரண்டி போச்சு மேடம்.”

ஏர் பிஸ்டல் கம்பெனியின் கஸ்டமர் கேர் குரல் கறாராக இருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்த போனை முறைத்தாள் சத்யப்பிரியா. குவார்ட்டர்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், விரித்த துண்டின் மேல் அவளுடைய பிஸ்டல் பிரிந்து கிடந்தது.

“சார், ஞாயித்துக்கிழமை சென்னையில ஸ்டேட் மேட்ச். போன வருஷம் ஒரே ஒரு பாயிண்ட்ல செலக்‌ஷன் போச்சு. உங்க ட்ரிக்கர் அவ்வளவு முரடு. அதனாலதான் மாத்தினேன்.”

“பழசையே திரும்ப மாட்டிடுங்க.”

“கழட்டும்போது அதோட ஸ்பிரிங் வளைஞ்சிடுச்சு. புதுசு ஒண்ணு அனுப்புங்களேன்.”

“வர்றதுக்கு இருபது நாள் ஆகும்.”

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து நிலக்கரி மைன்ஸிலிருந்து அப்போதுதான் வந்த அவள் கணவன் சிலம்பரசன், ஷூவைக்கூடக் கழற்றாமல் அருகே வந்தான்.

“இன்னா சொல்றாரு? நீ ஏன் கெஞ்சிகினு கீற? போனை என்கிட்ட குடு.”

அவள் வாயில் விரல் வைத்து அவனை அடக்கினாள்.

“புது ட்ரிக்கர் இப்ப என்ன பண்ணுது?” என்றது போன்.

“அழுத்தினா தொளதொளன்னு உள்ள போகுது. திரும்பி வர மாட்டேங்குது.”

“சின்ன ஸ்க்ரூவை முன்னாடி போட்டீங்களா, பின்னாடியா?”

“முன்னாடி.”

“எதையாவது அரத்தால தேய்ச்சீங்களா?”

“இல்ல சார். சத்தியமா இல்ல.”

போனில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “எப்படியிருந்தாலும் வெளிப் பார்ட்டுக்குக் கம்பெனி பொறுப்பாகாது. அந்த மாதிரி சாமானெல்லாம் வாங்கவே கூடாது மேடம். அழைத்தமைக்கு நன்றி.”

லைன் அறுந்தது.

“போலீஸ் விசாரணை மாதிரி அத்தனையும் கேட்டுட்டு, கடைசியில நன்றியாம்!” சிலம்பரசன் பொருமினான். “பக்கத்து ஊரு மந்தாரக்குப்பத்துல நம்ம சுதாகர் இருக்கான். அவன்கிட்ட காட்டலாமா?”

“அவரு பம்பு செட் ரிப்பேர் பண்றவருங்க.”

சத்யப்பிரியா துண்டின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்தாள். ஒரு வருஷமாக, டியூட்டிக்குப் போகும் முன் தினமும் ஒரு மணி நேரம் ஷூட்டிங் ரேஞ்சில் நின்றவள் அவள். கண் கலங்கிவிட்டது.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“மேடம், நான்தான். அது ரெக்கார்டு ஆகிற லைன். டீ குடிக்கிற சாக்குல வெளியே வந்து என் சொந்த நம்பர்ல பேசறேன். ட்ரிக்கர் வந்த பாக்கெட் இருக்கா?”

சிலம்பரசன் ஓடிப்போய்க் குப்பைக் கூடையைக் கவிழ்த்தான். வெங்காயத் தோலுக்கு நடுவே பாக்கெட் கிடைத்தது.

“உள்ளே மூலையில விரலை விட்டுப் பாருங்க.”

விட்டாள். வெங்காயத் தோலை விட மெல்லிசாக ஒரு வாஷர் விரலோடு வந்தது.

“அதை ஸ்பிரிங்குக்கு அடியில வைங்க. பதறாம வைங்க.”

வைத்தாள். ஸ்க்ரூக்களை முடுக்கினாள். குண்டு போடாமல், சுவரைக் குறிபார்த்து அழுத்தினாள். ‘டிக்’. விரலை எடுத்ததும் ட்ரிக்கர் பட்டென்று திரும்பி வந்தது. இப்படி ஒரு மிருதுவான ட்ரிக்கரை அவள் தொட்டதே இல்லை.

“அய்யோ, சூப்பர் சார்!” சற்று முன் திட்டிக்கொண்டிருந்த சிலம்பரசன் போனைப் பார்த்துக் கும்பிட்டான்.

சத்யப்பிரியா சிரித்தபடி கண்ணைத் துடைத்தாள். “எங்க கோச்சுக்கே பிடிபடல சார். வாஷர் பாக்கெட்லயே ஒட்டிக்கிட்டிருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

மறுமுனையில் குரல் தணிந்தது.

“உள்ளே வாஷர் இருக்குன்னு பாக்கெட் மேல எழுதி ஒட்ட மறந்துட்டேன் மேடம், மன்னிச்சிடுங்க... லீவு நாள்ல வீட்டுல உட்கார்ந்து அந்த ட்ரிக்கரைச் செஞ்சு விக்கிறதே நான்தான்.”