ஆண் கண் படாத ஆல்பம்

“டிஜிட்டலும் வேணாம், ஃபிலிமும் வேணாம். படமே இல்லாம கல்யாணம் பண்ணிக்கோ!”

பத்ரியா இப்படிச் சொன்னதும் மகள் ஹயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வியாழக்கிழமை கல்யாணம். பஹ்ரைனின் முஹர்ரக் நகரில் பெண்களுக்கென்றே இருக்கும் அந்த ஸ்டூடியோவில் இருவரும் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“படம் இல்லேன்னா நாளைக்கு என் பிள்ளைங்களுக்கு எதைம்மா காட்டுவேன்?”

“மாப்பிள்ளையைக் காட்டு. போதும்.”

ஸ்டூடியோக்காரி லுல்வா அரபுக் காப்பியான காவாவை ஊற்றி நீட்டி, ஊர் வழக்கப்படி ‘ராஷித்தின் அம்மா’ என்று பத்ரியாவை அழைத்தாள். “உம்மு ராஷித், கோபப்படாதீங்க. டிஜிட்டல்ல உங்களுக்கு என்ன பயம்?”

“என் அண்ணன் மகள் கல்யாணத்துல மண்டப வாசல்லயே எல்லார் ஃபோனையும் வாங்கிப் பையில போட்டுட்டோம். என்ன பிரயோஜனம்? படம் எடுத்தவளோட கம்ப்யூட்டர் ரிப்பேராகிக் கடைக்குப் போச்சு. மறுவாரம் மார்க்கெட்ல மீன்காரன் என் அண்ணன்கிட்ட, ‘பொண்ணுக்கு அந்தப் பச்சை உடுப்பு ரொம்பப் பொருத்தம் பாய்’ங்கிறான்!”

“அதனாலதான் ஃபிலிம்னு சொல்றேன்” என்றாள் ஹயா. “நெகட்டிவ் உங்க பீரோவுல, சாவி உங்க இடுப்புல. யார் பார்க்க முடியும்?”

பத்ரியா அதற்குத் தலையாட்டத்தான் செய்தாள். ஒரு ஆண் கண்ணும் படாது என்று சம்பந்தியம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். ஃபிலிம் என்றால் வாக்குக்குப் பங்கமில்லை என்று அட்வான்ஸ் கொடுக்கக் கைப்பையைத் திறந்தபோதுதான் பின்கதவு திறந்து, அதிலிருந்து ஓர் ஆண் வெளியே வந்தார்!

பத்ரியா சட்டென்று முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர் இவர்கள் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்தபடியே சலாம் சொன்னார். மரியாதை தெரிந்தவர்தான். ஆனாலும் ஆண் ஆயிற்றே!

“இது யாரு?”

“என் அண்ணன் முபாரக். இருட்டறையில ஃபிலிம் கழுவுறது அவர்தான். வெளிச்சம் பட்டா ஃபிலிம் பாழாயிடும். எனக்கு இருட்டுல கை ஓடாது. ஆனா படம் பிரிண்ட் போடுறது நான்தான். அவர் பார்க்க மாட்டார் உம்மு ராஷித், சத்தியமா.”

“எந்த ஆம்பளை பார்ப்பேன்னு சொல்லிட்டுப் பார்த்திருக்கான்? கழுவி முடிச்சதும் விளக்கைப் போட்டுத் தூக்கிப் பிடிச்சுப் பார்ப்பாரு. எனக்குத் தெரியாதா?”

“இல்லைங்க, அண்ணனைப் பத்தி நான் ஒண்ணு சொல்லிடறேன்…”

“ஒண்ணும் சொல்ல வேணாம். கண்ணைக் கட்டிக்கிட்டுக் கழுவட்டும், ஃபிலிமுக்குச் சம்மதிக்கிறேன்.”

லுல்வா வாயைத் திறந்தாள். அதற்குள் முபாரக் கையை உயர்த்தித் தங்கையைத் தடுத்தார். “கட்டட்டும் லுல்வா. அந்தம்மா கேக்கறதுல என்ன தப்பு?” அவர் உதட்டோரம் சிரிப்பு துடித்தது.

பத்ரியா தன் கைக்குட்டையைக் கொடுக்க, லுல்வா அதை அண்ணன் கண்ணில் கட்டினாள். பழைய ஃபிலிம் சுருள் ஒன்று மேஜைக்கு வந்தது. முபாரக் அதை எடுத்தார், நுனியைக் கத்தரித்தார், சக்கரத்தில் மளமளவென்று சுற்றினார், டப்பாவில் போட்டு மூடினார். விரல் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

“இது மெல்லிசுத் துணி” என்றாள் பத்ரியா. “தெரியுது இவருக்கு.”

தன் சால்வையை நாலாக மடித்துக் கொடுத்தாள். அதையும் மேலே கட்டினார்கள். இந்த முறை முன்பைவிட வேகமாகச் சுற்றி முடித்தார்.

“உம்மா, போதும்மா. மானம் போகுது!”

“சும்மா இருடி. அந்தக் கறுப்புத் திரையைக் கழட்டு லுல்வா.”

இருட்டறை வாசலில் தொங்கிய தடித்த திரையும் அவர் தலையில் ஏறியது. முண்டாசு கட்டிய பூசணிக்காய் போல முபாரக் நின்றார். ஹயா சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தாகமா இருக்கு” என்றார் அவர். நேராக நாலடி நடந்து, காவாக் கூஜாவை எடுத்து, சின்னக் கோப்பையில் ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. குடித்தார். போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையை லேசாக ஆட்டி, தட்டில் அதே இடத்தில் வைத்தார்.

பத்ரியா துள்ளி எழுந்தாள். “பார்த்தியா? பார்த்தியா? மூணு துணி கட்டியும் இந்த மனுஷன் பார்க்கிறாரு! இவர்கிட்ட ஃபிலிமைக் கொடுக்கிறதுக்கு நானே ஆல்பத்தை மீன் மார்க்கெட்ல கொண்டுபோய் விரிச்சு வெச்சுடலாம். எழுந்திரு ஹயா, படமே வேணாம்!”

ஹயா விசும்ப ஆரம்பித்தாள். லுல்வா அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“விளையாடினது போதும் அண்ணே. பொண்ணு அழுவுது பாருங்க.”

“அழறது கேக்குது.” முபாரக் முகத்தைத் துணிகளுக்குள்ளிருந்து மெல்ல விடுவித்துக்கொண்டே, வழக்கம்போலச் சுவரைப் பார்த்துச் சொன்னார். “உம்மு ராஷித், உங்க ஃபிலிமை நீங்க தாராளமா என்கிட்ட கொடுக்கலாம். இந்த மூணு துணியும் என்னென்ன நிறம்னு மட்டும் யாராவது சொல்லுங்களேன்… பிறந்ததுலேருந்து நான் எந்த நிறத்தையும் பார்த்ததில்லை.”