வாசலில் நிற்பவர்

வாசலில் ஒருவர் மூச்சிரைக்க, மூன்று பேரை வெளியே தள்ளி, இரண்டு பேரை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் அது பாட்டுக்குப் போய்வந்தது.

பார்த்துக்கொண்டிருந்த டீச்சருக்குப் பாவமாக இருந்தது. “கொஞ்சம் உட்காருங்களேன்.”

“தண்ணி தானா போகும், வரும். கூட்டத்தை எதிர்த்துத் தள்ள ஆள் வேணும். நான் உட்கார்ந்தா நீ இருக்க மாட்டே, தாயி.”

“கூலி?”

“சர்க்கரைதான். இன்னிக்கு வரலை.” அவர் கை தளர்ந்தது.

திடீரென டீச்சரின் நாக்கில் இனிப்பு. அவர் நிமிர்ந்தார். டீச்சர் கண் விழித்தாள்.

“இன்சுலின் போட்டுட்டு சாப்பிடாம பேப்பர் திருத்துவாங்களா? எனக்கு உயிரே போயிடுச்சு!” கணவர் கையில் சர்க்கரைத் தண்ணீர். மேஜையில், செல்லுக்குள் எது தானாக நுழையும், எதற்குச் சக்தி வேண்டும் என்ற கேள்விக்கான விடைத்தாள்கள். மேல் தாளில், மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் செல்வாசல் பம்பின் படம்.

“இன்னொரு ஸ்பூன் குடுங்க.”

“இன்னும் தலை சுத்துதா?”

“எனக்கில்லைங்க. வாசல்ல நிக்கிறாரே, அவருக்கு.”

கணவர் எட்டி வாசலைப் பார்த்தார்.